சிலுவையை யார் தோளில் வைக்கிறீர்கள்?

போன தவக்காலத்தில் ஒரு தம்பி போன் செய்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வாசிப்பு வட்டத்துக்கு வந்து பழக்கமானவன். அவன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே ஒரு சுவர் இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் நம் சனம், அந்தப் பக்கம் அவர்கள். இரண்டு பக்கமும் ஒரே சிலுவைதான், ஒரே ஞானஸ்நானம்தான். அந்தச் சுவரை எடுக்கச் சொல்லித் தெரு இளைஞர்கள் ஒரு மனு எழுதி, கையெழுத்து வாங்கி, பங்குத்தந்தையிடம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு பூசையில் மறையுரை முழுக்கத் தியாகம் பற்றித்தான்.

"அண்ணே, 'இயேசு சிலுவையில வாயத் தெறந்தாரா? பொறுத்துக்கிட்டாருல்ல? நீங்களும் அன்புக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுங்க'ன்னு சாமி சொல்லிட்டாருண்ணே. எங்கம்மா கோயில்லயே அழுதுடுச்சு. கையெழுத்த வாபஸ் வாங்குடாங்குது. நாம செய்யுறது பாவமாண்ணே?"

அன்று போனில் ஏதோ ஆறுதல் சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பதில் போதாது என்று எனக்கே தெரியும். அவனுக்கும், அவனைப் போல இதே கேள்வியோடு நிற்கிற மற்றவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

"எனக்கு மதமே கிடையாது, எனக்கு எதற்கு பைபிள்?" என்று கேட்கும் தோழர்களும் படியுங்கள். இந்திய கத்தோலிக்கர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். நம் சனத்தில் லட்சக்கணக்கானோர் கேட்டு வளர்கிற மொழி இது. அவர்களிடம் பேசப் போகிறவர்கள் அந்த மொழி தெரியாமல் போனால் வாசலிலேயே திரும்பி வர வேண்டியதுதான்.

முதலில் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். இயேசு சிலுவையில் வாயைத் திறந்தாரா?

திறந்தார். ஏழு முறை திறந்தார். பெரிய வெள்ளிக்கிழமை தோறும் பல கோயில்களில் அந்த ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கம் வைப்பதே இதே திருச்சபைதான். அந்த ஏழில் ஒன்று, கடவுளைப் பார்த்தே ஏன் என்னைக் கைவிட்டாய் என்று எழுப்பிய ஓலம். கடவுளிடமே ஏன் என்று கேட்டவரைக் காட்டி, பங்குப்பேரவையிடம் ஏன் என்று கேட்காதே என்கிறார்கள்.

அதற்கு முந்தின இரவையும் பாருங்கள். யோவான் நற்செய்தி 18ஆம் அதிகாரம். அன்னாவின் முன்னால் விசாரணை. காவலன் ஒருவன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். மறு கன்னத்தைக் காட்டு என்று போதித்தவர் அங்கே பேசாமல் நிற்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் எது தவறு என்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று திருப்பிக் கேட்கிறார். கைகள் கட்டப்பட்ட நிலையில், அதிகாரத்தின் கூடத்தில் நின்று கேட்கிறார். நம் தம்பிகள் மனுவில் எழுதியதும் இதே கேள்விதான். எங்கள் பிணம் செய்த தவறு என்ன? தவறு இல்லையென்றால் இந்தச் சுவர் எதற்கு?

அந்த மறு கன்ன வசனத்துக்கே வேறொரு விளக்கம் உண்டு. அமெரிக்க இறையியலாளர் வால்டர் விங்க் 1992இல் வெளிவந்த தம் நூலில் அதை விரிவாக எழுதினார். மத்தேயு குறிப்பாக வலது கன்னம் என்கிறது. எதிரில் நிற்பவன் தன் வலது கையால் உன் வலது கன்னத்தில் அடிக்க வேண்டுமானால் புறங்கையால்தான் அடிக்க முடியும். புறங்கை அடி சமமானவர்களுக்குள் நடக்கும் அடி கிடையாது. எசமான் அடிமையை அவமானப்படுத்தும் அடி. இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினால் அந்தப் புறங்கை வேலை செய்யாது. அடிப்பதானால் சமமான மனிதனை அடிப்பதைப் போல அடி என்று சொல்கிற நிமிர்வு அது. இந்த விளக்கத்தை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் மறு கன்னம் என்றாலே குனிந்து நிற்பது என்று நமக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

இனி தியாகத்துக்கு வருவோம்.

தியாகம் என்றால் தன்னிடம் இருப்பதைத் தானாக விட்டுவிடுவது. விட்டுக்கொடுத்தல் என்ற நம் சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே தெரியும். முதலில் அது கையில் இருக்க வேண்டும். பிறகு அதை விட வேண்டும். அதன் பிறகுதான் கொடுத்தல். கையில் இல்லாததை எவனும் விட்டுக்கொடுக்க முடியாது. என் பங்கை ஒருவன் பிடுங்கிக்கொண்டு, அதைத் தியாகம் என்று எனக்கே பேர் வைத்தால், அந்தத் திருட்டுக்கு என்னிடமே ரசீது கேட்கிறான் என்று பொருள்.

நற்செய்தியும் இதைத்தான் சொல்கிறது. யோவான் 10ஆம் அதிகாரத்தில் இயேசு, என் உயிரை என்னிடமிருந்து எவரும் பறிக்கவில்லை, நானாகவே கொடுக்கிறேன் என்கிற பொருளில் பேசுகிறார். தானாகக் கொடுப்பதற்கும் பறிகொடுப்பதற்கும் நடுவே அவரே கோடு கிழித்துவிட்டார். கெத்சமனித் தோட்டத்தில், முடியுமானால் இந்தக் கிண்ணம் என்னைவிட்டுப் போகட்டும் என்று வேர்த்து விறுவிறுத்து மன்றாடுகிறார். துன்பத்தை விரும்பியவர் இப்படி மன்றாட மாட்டார். வேறு வழி உண்டா என்று தேடி, இல்லை என்று கண்டு, பிறகு முடிவெடுத்தவரின் செயல் அது. நம் தாத்தா பாட்டிகளுக்கு அந்தத் தோட்டம் ஒருநாளும் கிடைக்கவில்லை. கிண்ணம் வேண்டுமா வேண்டாமா என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

அந்த அன்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று கவனியுங்கள். பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரம்தான் கிறிஸ்தவத் தியாகத்தின் மூலபாடம் என்பார்கள். கடவுளின் நிலையில் இருந்தவர் அந்த மேன்மையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்காமல், தன்னை வெறுமையாக்கி, அடிமையின் நிலைக்கு இறங்கினார் என்பதே அதன் சாரம். உச்சியில் இருந்தவர் இறங்கினார். அடிமையாகவே பிறந்தவனைப் பார்த்து இன்னும் கொஞ்சம் இறங்கு என்று பவுல் எழுதவில்லை. பிலிப்பி நகரம் ஒரு ரோமக் குடியேற்றம். குடியுரிமையும் அந்தஸ்தும் பெருமையாகப் பேசப்பட்ட ஊர். அங்கே போய், உங்கள் ஆண்டவர் தன் அந்தஸ்தைக் கீழே வைத்தவர் என்று எழுதுகிறார். இந்த வசனத்தைச் சேரியில் வாசித்து ஊர்த்தெருவில் மறைப்பது எந்த ஊர் நியாயம்?

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கும் அப்படித்தான். போதகர் சீடர்களின் காலைக் கழுவினார். அது அடிமை செய்யும் வேலை. அதனால்தான் பேதுரு பதறினான். அந்தக் கதையில் கழுவியவர் மேலே இருந்தவர், காலை நீட்டியவர்கள் கீழே இருந்தவர்கள். 2013இல் போப் பிரான்சிஸ் ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய் அங்கிருந்தவர்களின் கால்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இசுலாமியரும் இருந்தார்கள். 2016இல் பெண்களையும் அந்தச் சடங்கில் சேர்க்கலாம் என்று விதியே மாற்றப்பட்டது. என் சின்ன வயதில் எங்கள் பங்கில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளில் எங்கள் தெரு ஆள் ஒருவர்கூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாமியாரின் கையிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் எங்கள் காலில் விழக்கூட சாதி விடவில்லை. ஆனால் தியாகப் பிரசங்கம் மட்டும் எங்கள் காதில் தவறாமல் விழுந்தது.

எங்கள் பாட்டி செத்தபோது கோயில் தூம்பா தரவில்லை. தூம்பா தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், பிணம் தூக்கிப்போகும் பெட்டி. ஊருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று இரண்டு இருந்தன. எங்களுடையது கால் உடைந்து கிடந்தது. அப்பா போய்க் கேட்டார். "இன்னைக்கு மட்டும் பொறுத்துக்கங்க, பிரச்சினை வேணாம்" என்றார்கள். பாட்டி வாழ்நாள் முழுவதும் செபமாலையைக் கையைவிட்டு இறக்காதவள். அவளைக் கட்டிலில் வைத்துத் தூக்கிப்போனோம். அப்பா அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஞாயிறு அவருடைய பொறுமையை மறையுரையில் பாராட்டினார்கள். அது பொறுமையா, வேறு வழி இல்லாததா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இவர்களுடைய ஆண்டவரின் பந்தியே இப்படி நடந்தபோது பவுல் என்ன எழுதினார் தெரியுமா? கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 11ஆம் அதிகாரம். அந்தச் சபையில் வசதியானவர்கள் முதலில் வந்து தின்று குடித்துவிடுகிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். பவுல் பசித்தவனைப் பார்த்து அன்புக்காகப் பொறுத்துக்கொள் என்று எழுதவில்லை. தின்றவர்களைப் பார்த்துத்தான் எழுதுகிறார். நீங்கள் கூடி உண்பது ஆண்டவரின் விருந்தே இல்லை, இல்லாதவர்களை அவமானப்படுத்துகிறீர்கள் என்கிறார். இரட்டை வரிசை, இரட்டைக் கல்லறை, இரட்டைத் தூம்பா வைத்து நடக்கும் பூசை எந்த வகை என்பதை அந்த அதிகாரத்தை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம்.

இப்போது வரலாற்றைப் பார்ப்போம். தமிழகக் கிறிஸ்தவத்தில் தியாகம் செய்யச் சொல்லி யார் கேட்கப்பட்டார்கள், கேட்கப்பட்டபோது என்ன செய்தார்கள்?

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமணச் சந்நியாசியைப் போல வாழ்ந்து மேல்சாதியினரிடம் நற்செய்தி சொன்னார். 1640களிலிருந்து கீழே தள்ளப்பட்ட சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் தனியே ஏற்பட்டார்கள். நற்செய்தி ஒன்று, அதைக் கொண்டுவரும் ஆள் மட்டும் சாதிக்குத் தகுந்தாற்போல. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட், பறையர் வீடுகளுக்குள் குருக்கள் போக வேண்டும் என்ற விவகாரத்தில் ஆணை வெளியிட்டபோதும், அதற்கு இங்கே கிடைத்த தீர்வு பறையர்களுக்கென்று தனிக் குருக்கள் என்பதுதான். மேல்சாதி கிறிஸ்தவர்களின் மனம் நோகாமல் இருக்க ஒரு திருச்சபையே வளைந்து கொடுத்தது. நோகக்கூடிய மனம் நமக்கும் உண்டு என்பது யாருக்கும் நினைவில்லை.

சீர்திருத்தச் சபைகளின் கதையைக் கேளுங்கள். 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே, முழுதாகக் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். ஒன்றாக உட்காருங்கள், ஒரே கிண்ணத்தில் குடியுங்கள், அவ்வளவுதான் கேட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். பக்கத்தில் உட்காரும் இடத்தைக்கூட அவர்களால் தியாகம் செய்ய முடியவில்லை.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1872இல் எழுந்த கோயிலில் இரண்டு சாதிகளுக்கு இரண்டு பகுதிகள், நடுவில் சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. வேளாளக் கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? சிலுவையை நினைத்துப் பொறுத்துக்கொண்டார்களா? நீதிமன்றத்துக்குப் போனார்கள். சுவரைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி வழக்கு நடத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 1917இல் அதைத் தள்ளுபடி செய்தது. கவனியுங்கள் தம்பிகளே. சுவர் வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனால் அது உரிமை. சுவர் வேண்டாம் என்று ஒரு மனு எழுதினால் அது அன்பில்லாமை.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் சாதிச் சுவர் ஊரறிந்தது. 2008 மார்ச்சில் எறையூரில் நடந்ததும் மறக்கக் கூடியது இல்லை. சவ ஊர்வலத்திலும் கோயிலிலும் ஒதுக்கப்பட்ட தலித் கிறிஸ்தவர்கள், எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் கிறிஸ்தவர்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். செத்தவர்கள் வன்னியர் தரப்பு. அந்த இரண்டு வீட்டு ஒப்பாரியும் ஒப்பாரிதான். அதில் எனக்கு எந்த மகிழ்ச்சியும் இல்லை. சேர்ந்து கும்பிட மறுத்த சாதி, தன் பிள்ளைகளையே பலி கொடுத்தது. அன்புக்காகச் சாகத் தெரியாதவர்களைச் சாதி தனக்காகச் சாக வைக்கிறது.

2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையே ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆக, இல்லாததைச் சொல்லிக் கலகம் செய்கிறோம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. நோய் இருப்பதை மருத்துவரே எழுதிக் கொடுத்த பிறகும் மருந்தை நோயாளிதான் தியாகம் செய்ய வேண்டுமா?

சட்டம் நடத்தும் தியாக நாடகம் ஒன்றும் உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத் தலித்தும் இசுலாமியத் தலித்தும் இன்றும் வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் வந்தது. இதற்கு நடுவில் சில பக்திமான்கள் சொல்கிறார்கள்: "கிறிஸ்துவுக்காக இடஒதுக்கீட்டைத் தியாகம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்." யார் செய்த தியாகம் இது? ஒரு கையெழுத்தில் அரசு எடுத்துக்கொண்டதை நான் கொடுத்ததாக எதற்கு நினைக்க வேண்டும்? மதம் மாறியதால் சேரி இடம் மாறவில்லை, சாதிப் பேர் மாறவில்லை. சான்றிதழ் மட்டும் மாறியது.

மதம் மாறிய தீண்டத்தகாதார் தங்களுக்கு நடக்கும் அநீதிக்கு எதிராக ஏன் திரளவில்லை என்று அண்ணல் அம்பேத்கர் கேட்டார். துன்பத்துக்குக் காரணம் சுற்றியிருக்கும் சமூகத்தில் இல்லை, உன் சொந்தப் பாவத்தில் இருக்கிறது என்று போதிக்கப்படுவதை அதற்கு ஒரு காரணமாகச் சுட்டினார். அந்தத் தம்பியின் கடைசிக் கேள்வியை மறுபடி படியுங்கள். சுவர் பாவமா என்று அவன் கேட்கவில்லை. "நாம செய்யுறது பாவமா" என்றுதான் கேட்டான். அண்ணல் எந்த இடத்தில் விரலை வைத்தார் என்பது புரியும்.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேதத்தில் நமக்கு எதிரான வரிகளும் உண்டு. பேதுருவின் முதல் கடிதம் 2ஆம் அதிகாரம், கொடிய எசமானுக்கும் பணிந்திருக்கும்படி வேலையாட்களுக்குச் சொல்கிறது. அமெரிக்க அடிமை முதலாளிகள் இத்தகைய வரிகளைத்தான் வாசித்துக் காட்டினார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ் 1845இல் தன் வரலாற்றை எழுதியபோது, கிறிஸ்துவின் கிறிஸ்தவம் வேறு, இந்த நாட்டு அடிமை முதலாளிகளின் கிறிஸ்தவம் வேறு என்று வெட்டிப் பிரித்தார். ஒன்றை நேசிப்பவன் இன்னொன்றை வெறுத்தே ஆக வேண்டும் என்பது அவர் நிலை. நாமும் அப்படித் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். அவர்களும் தேர்ந்தெடுத்துத்தான் வாசிக்கிறார்கள். என்ன, அதைச் சொல்வதில்லை.

"அப்படியானால் மன்னிப்பு? பகைவனை நேசி என்பது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. லூக்கா 19இல் சக்கேயு என்று ஒரு வரி வசூல்காரன் வருகிறான். இயேசு அவன் வீட்டுக்குப் போகிறார். அவன் எழுந்து, என் சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். அதன் பிறகுதான் இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறார் இயேசு. கணக்கு தீர்த்ததும் மீட்பும் ஒரே திண்ணையில் நடக்கிறது. நம்மிடம் மன்னிப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் சக்கேயுவையும் கூட்டிக்கொண்டு வரட்டும். பகைவனை நேசிப்பது என்றால் அவன் செய்யும் கேட்டைத் தாங்குவது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அவனைப் போல நானும் ஆகிவிடக் கூடாது என்பதும், அந்தச் சுவர் விழுந்து அவனும் மனிதனாக வேண்டும் என்பதுமே என் கணக்கில் பகைவன் மீதுள்ள அன்பு. சுவரை விட்டுவைப்பது அவன் மீதும் அன்பில்லாத செயல்தான்.

பிறனை நேசி என்ற கட்டளைக்கு ஒரு அளவுகோலும் உண்டு: உன்னைப் போல. தன்னை நேசிக்காதவன் பிறனை எதைக் கொண்டு அளப்பான்? தன்னை இழிவானவன் என்று தலைமுறை தலைமுறையாக நம்ப வைக்கப்பட்ட சனத்துக்கு முதல் கட்டளையே தன்னை மதிப்பதுதான். சுயமரியாதையை மறுக்கிற அன்பு, அந்தக் கட்டளையின் பாதியைக் கிழித்துவிட்ட அன்பு.

இதை ஆண் தோழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1960இல் வாலரி செய்விங் என்ற அமெரிக்கப் பெண் இறையியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அகந்தைதான் பாவம், தன்னை இழப்பதே அன்பு என்று ஆண் இறையியலாளர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அது ஆண்களின் அனுபவம், பெண்ணுக்கு நேரும் ஆபத்து தனக்கென்று ஒன்றும் மிச்சமில்லாமல் கரைந்துபோவது என்று அவர் எதிர்வாதம் வைத்தார். நம் வீட்டு அடுப்படியைப் பாருங்கள். கடைசியாகச் சாப்பிடுவது யார்? சட்டியில் இல்லாவிட்டால் பட்டினி கிடப்பது யார்? சாமியார் நமக்குச் சொல்லும் அதே பிரசங்கத்தை நாம் அம்மாவுக்கும் தங்கைக்கும் சொல்கிறோம். இயக்கங்களிலும் அப்படித்தான். மேடை ஒருவனுக்கு, சமையலும் அலைச்சலும் தோழிகளுக்கு, பேர் தியாகம். பாமா துறவு மடத்தை விட்டு வெளியே வந்து 1992இல் 'கருக்கு' கொடுத்தார். மடத்துக்குள்ளேயே பொறுத்துக் கிடப்பதுதான் தியாகம் என்று அவர் நம்பியிருந்தால் அந்த நூல் நமக்குக் கிடைத்திருக்குமா?

தியாகமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையான தியாகம் எப்படி இருக்கும் என்று நம் காலத்திலேயே பார்த்திருக்கிறோம். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி. கல்வி நிறுவனம், பதவி, பாதுகாப்பான மடம் என்று அவர் இருந்திருக்கலாம். ஜார்க்கண்டுக்குப் போனார். நிலத்துக்காகவும் காட்டுக்காகவும் நிற்கும் ஆதிவாசிகளோடு வாழ்ந்தார். விசாரணைக் கைதிகளாக ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக நீதிமன்றம் போனார். 2020 அக்டோபரில் ஊபா சட்டத்தில் கைதானபோது வயது 83. நடுக்குவாத நோய். தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்தில் கேட்டுக் காத்திருந்தார். 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே மும்பையில் இறந்தார்.

அவர் செய்ததைத் தியாகம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. தன்னிடம் இருந்த பாதுகாப்பை அவர் விட்டார். யாருக்காக விட்டாரோ அவர்களைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. அவர்களின் உரிமைக்காக வழக்குப் போட்டார். சிறையிலும் குழலைத் தியாகம் செய்யவில்லை, கேட்டார். அதுவும் முக்கியம். தனக்கு உரியதைக் கேட்பதும் பிறருக்காகத் தன்னைக் கொடுப்பதும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்க முடியும்.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நாம் பரட்டை என்று அழைக்கும் அண்ணன், நற்கருணையை ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து தின்பதாகப் பார்த்தார். நாட்டுப்புற மெட்டில் பாடி, பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலை என்றால் ஆளுக்கொரு பிடி அரிசி போட வேண்டும். நிறைய இருப்பவன் நிறையப் போட வேண்டும். ஒன்றும் இல்லாதவன் சும்மா வந்து உட்காரலாம். தியாகத்துக்கு இதைவிட எளிதான இலக்கணம் எனக்குத் தெரியாது.

எனவே தம்பி, இனி உன்னிடம் யாராவது தியாகம் கேட்டால் மூன்று கேள்வி கேள். நான் விட வேண்டியது என்ன, அது முதலில் என் கையில் இருக்கிறதா? நான் விட்டால் பிழைக்கப் போவது யார், என்னைவிட இல்லாதவனா, என்னைவிட இருப்பவனா? கேட்கிற நீங்கள் இதே அளவுக்கு எதை விட்டிருக்கிறீர்கள்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் யோசிக்கலாம். நீயே உன் மனமறிந்து கொடுக்கலாம். இரத்த தானம் செய், தோழனுக்காக வேலையை விடு, ஊருக்காகச் சிறைக்குப் போ. அது உன் கையில் இருப்பது. சுவருக்கு இந்தப் பக்கம் புதைக்கப்படுவதை மட்டும் தியாகக் கணக்கில் எழுதாதே.

அம்மாவிடம் கோபப்படாதே. அறையுண்டவரைப் பார்த்து, இவருக்கும் நம்மைப் போலத்தான் நடந்தது என்று தேறித்தான் அந்தத் தலைமுறை உயிர் பிழைத்தது. அந்த ஆறுதலைப் பிடுங்க நமக்கு உரிமை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, யோவான் 18ஐ எடுத்து, அந்த அறை விழுந்த இடத்தை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. இயேசு என்ன பதில் சொன்னார் என்று அவரே பார்க்கட்டும்.

பங்குத்தந்தைக்கும் ஒரு வார்த்தை. ஐயா, தியாகத்தைப் பற்றி மறையுரை வையுங்கள், தடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடும்பக் கல்லறை வைத்திருப்பவர்களைப் பார்த்து வையுங்கள். அவர்கள் கையில்தான் விடுவதற்கு ஏதோ இருக்கிறது. ஐந்தடி உயரச் செங்கல், கொஞ்சம் காரை, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த ஒரு கர்வம். கிறிஸ்துவுக்காக அதை விடச் சொல்லுங்கள். கடப்பாரை நாங்கள் கொண்டுவருகிறோம்.

மனு வாபஸ் இல்லை.

ஜெய் பீம்.